மூன்றாவது ஊசி

ஆம்பூர்,
9-12-1969, செவ்வாய்க்கிழமை தொடங்கியது.

கமலாவின் ஒரே தம்பியும் என் வாய்க்கு வாய் கொடுத்த ஒரே மனிதனுமாகிய அன்பு மாணிக்கத்துக்கு,

வருகிற சனிக்கிழமை டிசம்பர் பதின்மூன்று. நீ இறந்த 1958ஆம் ஆண்டிலும் டிசம்பர் பதின்மூன்று சனிக்கிழமைதான். மறுநாள் கார்த்திகையின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சேராத தேதியும் கிழமையும் இந்த ஆண்டு சேர்ந்து வருகின்றன. இதை நான் கவனிக்காமல் விடுவேனா? "மாமா பொறக்கும்போதே கைல காலண்டரோட பொறந்தவரு" என்று பட்டைக் குழியோரம் நீ சொல்ல, உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். நான் காதில் விழாததுபோல் நடப்பேன். விழுந்தது, மாணிக்கம். எல்லாம் விழுந்தது.

என் விரல்கள் வளைந்துவிட்டன. பேனாவை நான் பிடிப்பதில்லை. விரல்களுக்கிடையே அதைச் செருகிக்கொள்கிறேன். ஒரு நாளைக்குச் சில பக்கங்களுக்கு மேல் ஓடாது. ஆகவே இன்றே தொடங்குகிறேன், சனிக்கிழமை காலை 8.58க்குள் முடித்தாக வேண்டும்.

ஏன் 8.58 என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் உன் அக்கா என்ன செய்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு டிசம்பர் பதின்மூன்றாம் தேதியும் அவள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வாசலுக்கு வருவாள். ஒரு கைப்பிடி மண்ணை வாரிக் கிழக்கே திரும்பி நிற்பாள். "எந்தம்பிய ஊசி போட்டுக் கொன்னவன் கை மொடங்கிப் போவ! அவன் குடி வெளங்காம போவ!" என்று மூன்று முறை சொல்லி, மண்ணைத் தூற்றுவாள். முதலாண்டு நான்கு திசையிலும் தூற்றினாள். கம்பவுண்டர் காசிம் பாய் ஆற்காட்டுக்குத் தெற்கே கலவையில் இருக்கிறார் என்று தெரிந்தபின், கிழக்கே மட்டும். நான் செம்பில் தண்ணீரோடு பின்னால் நிற்பேன், அவள் கை கழுவிக்கொள்ள. இதுவரை பத்து முறை நின்றிருக்கிறேன்.

காசிம் பாய் உன்னைக் கொல்லவில்லை. இது எனக்கு 13-12-1958 காலை 8.41 முதல் தெரியும்.

பதினோராம் முறை செம்போடு நிற்பதா, அல்லது வாயைத் திறப்பதா என்பதே இப்போதுள்ள கேள்வி. உன் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆதலால் கடிதத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள வழியில்லை. இருந்தும் எழுதுகிறேன். அடியில் கார்பன் தாள் வைத்து எடுக்கும் இதன் படியை உள்ளூர் மாதப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டால், பிறகு சொல்லாமல் இருப்பது முடியாமல் போகும். என்னை நான் அறிவேன். வாசலைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டால்தான் நான் வீட்டுக்குள் இருப்பேன்.

அறியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உனக்குத் தெரிந்தவற்றையும் சொல்கிறேன். நாம் வேலை செய்தது ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில். நான் வருகைப் பதிவேடும் மருந்தகப் பதிவேடும் எழுதிய தலைமை எழுத்தன். நீ ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும் தோல்களைக் குழியில் இறங்கிப் புரட்டிப் போடுபவன். ஜும்மா தொழுகைக்காக நமக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா எதுவானாலும் ஒருவன் விடுப்புக் கேட்டுத்தான் போக வேண்டும்.

சரக்குக் கப்பலேறும் மாதங்களில் நோய்க்கு மட்டுமே விடுப்பு. ஆகவே அம்மாதங்களில் எல்லாருக்கும் நோய் வந்தது. திருவிழாவுக்கு முதல் நாள் வயிற்றுவலி. மைத்துனி கல்யாணத்துக்கு முதல் நாள் காய்ச்சல். இதைத் தடுக்க நான் ஒரு விதி எழுதினேன். 1-7-1957, திங்கட்கிழமை முதல் அது நடைமுறைக்கு வந்தது: மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொண்டவனுக்கு மட்டுமே நோய் விடுப்பு. மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பிவிடலாம். சீசா மருந்தைச் சாக்கடையில் ஊற்றலாம். ஊசியை எப்படித் துப்புவது? பொய் சொல்பவன் ஊசிக்குப் பயப்படுவான் என்று கணித்தேன். முதலாளி என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலின் சுகத்தை ஓராண்டு வைத்திருந்தேன்.

யாரும் பயப்படவில்லை. வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். "இடுப்புல ஓட்ட போட்டுக்கினாதான் ஊருக்கு டிக்கெட்டு" என்று பாடினார்கள். நீ ஒருபடி மேலே போனாய்.

"மாமா, ஒரு சந்தேகம். நா செத்துட்டா எம்பொணத்துக்கும் ஊசி போட்டாதான் காரியத்துக்கு லீவு குடுப்பீங்களா?"

"அபசகுனமாகப் பேசாதே. போய் வேலையைப் பார்."

"இன்னா மாமா, கேட்டா கோவம் ஜாஸ்தி வருது. ரூல்ல எழுதிக்கீதா இல்லியான்னுதானே கேட்டேன்."

உனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உனக்கு முதல் பென்சிலின் ஊசி 3-8-1954, செவ்வாய்க்கிழமை. கொழுப்புச் சீவும் கத்தி உள்ளங்கையில் இறங்கியதற்காக. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது 7-3-1956, புதன்கிழமை, தொடையில் வந்த கட்டிக்காக. அன்று அரை மணி நேரத்தில் உன் உதடு வாழைப்பூ மடல்போல் தடித்தது. கண் மூடிக்கொண்டது. உடம்பெங்கும் திட்டுத்திட்டாகத் தடிப்பு. மறுநாள் தணிந்தது. அன்றிருந்த பழைய கம்பவுண்டர் சொல்ல, நானே பதிவேட்டில் எழுதினேன்: "மாணிக்கம், பட்டைக் குழி. பென்சிலின் ஊசிக்குப்பின் முகம், உதடு வீக்கம், தடிப்பு. விடுப்பு இரண்டு நாள்." கையெழுத்து அழகாக இருக்கிறது. இப்போது அந்தத் தாள் என் முன்னால்தான் இருக்கிறது. அது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்கிறேன்.

பழையவர் போய், 1957 செப்டம்பரில் காசிம் பாய் வந்தார். பேர்ணாம்பட்டுக்காரர், குட்டையானவர், வெற்றிலை போடுவார். நல்ல உடம்பில் மருந்தை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. விடுப்புக்காக வந்தவர்களுக்கெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டு, புத்தகத்தில் 'ஊசி' என்று எழுதினார். ஓராண்டுக்கு மேல் ஊரே தண்ணீர் ஊசி போட்டுக்கொண்டு கோயிலுக்கும் தர்கா உர்ஸுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தது. என் விதியும் வாழ்ந்தது, மனிதர்களும் வாழ்ந்தார்கள். யாருக்கு என்ன நட்டம்?

எனக்குப் பொறுக்கவில்லை. 10-12-1958, புதன்கிழமை, அலமாரியில் இருந்த பென்சிலின் குப்பிகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். குப்பிகள் மிஞ்சியிருந்தன. காசிம் பாயை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "ஒடம்பு நல்லா கீறவனுக்கு மருந்து எதுக்கு சார்? தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்றார். அன்றே புது உத்தரவு எழுதினேன்: இனி ஊசி என்றால் பென்சிலின். காலிக் குப்பியை என் மேசையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் விடுப்புச் சீட்டு.

மறுநாள் வியாழக்கிழமை நீ என் மேசைக்கு வந்தாய். விரிஞ்சிபுரத்துக் கடை ஞாயிறு. கல்யாணமாகி ஒன்பதாண்டு பிள்ளையில்லாத உன் மனைவி பார்வதி, அங்கே சிம்மத் தீர்த்தத்தில் முழுகி ஈரத்துணியோடு பிராகாரத்தில் படுத்து வரம் கேட்க வேண்டும். சனிக்கிழமை மதியமே கிளம்ப வேண்டும்.

"மாமா, ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போறேன். நெஜத்த சொல்றவனுக்கு ஒரு லீவு குடுங்க."

"நிஜத்துக்கு விதியில் இடமில்லை."

"அப்போ பொய்க்கு இடம் கீதா?"

"ஊசிக்கு இடமிருக்கிறது."

"எனக்கு ஊசி ஆவாது மாமா. உங்களுக்கே தெரியும். மூஞ்சி எப்டி வீங்கிச்சி!"

வெள்ளிக்கிழமை வீட்டில் உன் அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அவனுக்கு மட்டும் சும்மா ஒரு சீட்டு எழுதக் கூடாதா? எழுதற கை தேஞ்சா போய்டும்?" நான் மோர் கேட்டேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், மாணிக்கம். யாருக்கு வளைந்தாலும் உனக்கு வளையக் கூடாது. மைத்துனனுக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது. என் நேர்மைக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நீ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய்.

*

10-12-1969, புதன்.

சனிக்கிழமையைப் பற்றி எழுத ஒரு முழு நாள் ஒதுக்கினேன். நிமிடங்கள் என் பதிவேட்டில் உள்ளவை.

8.40. மருந்தகத்தின் முன் வரிசையில் ஏழு பேர், நீ முதலாவது. உத்தரவு சரியாக நடக்கிறதா என்று பார்க்க நான் வாசலில் நின்றேன். பின்னாலிருந்தவன் சொன்னான், எனக்குக் கேட்கும்படி: "மச்சானுக்கு மட்டும் தண்ணி ஊசியா இருக்கும் பாரு."

8.41. காசிம் பாய் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "முன்னாடி எப்பனா பென்சிலின் போட்டு ஏதாச்சும் ஆயிருக்கா?"

"மூஞ்சி வீங்கிச்சி பாய். ரெண்டு வருசம் மின்னாடி. மாமாவ கேளுங்க."

அவர் ஊசியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், புஸ்தகத்துல இருக்குதா?"

பின்னாலிருந்த ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அப்படி எதுவும் பதிவில் இல்லை."

நீயும் என்னைப் பார்த்தாய். கோபமில்லை. இந்த மனிதன் இவ்வளவு தூரம் போவானா என்ற வியப்பு மட்டும். பிறகு சிரித்தாய். "சரி, போடுங்க பாய். மாமா பேச்சுக்கு அப்பீல் இல்ல" என்று சட்டையைத் தூக்கினாய்.

8.42. ஊசி.

8.44. "மாமா, உள்ளங்கை நமைக்குது." நான்: "வேஷம் போடாதே. அடுத்தவனுக்கு வழி விடு."

8.47. உதடு. 8.49. தொண்டையில் விசில்போல் ஒரு சத்தம். காசிம் பாய் அலமாரியை இழுத்து இழுத்துத் தேடினார். அவரிடம் இருக்க வேண்டிய மாற்று மருந்து அந்த அலமாரியில் இல்லை. 8.51. நீ பட்டைக் குவியலின்மேல் சாய்ந்தாய். கழுத்தைப் பிறாண்டினாய். உன் நகங்களில் பட்டைக் கறை இருந்ததால் கழுத்தில் பழுப்புக் கோடுகள் விழுந்தன. காசிம் பாய் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மூச்ச விடு தம்பி, மூச்ச விடு" என்று அழுதார். நான் குனிந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து ஏதோ கேட்டாய். இரண்டாம் முறைதான் புரிந்தது.

"சீட்டு... எழுதிட்டீங்களா?"

அதுதான் உன் கடைசிப் பேச்சு. எழுதியிருந்தேன். என் சட்டைப் பையில் இருந்தது.

8.58.

யாருக்கும் தெரியாத இன்னொன்றையும் சொல்கிறேன். அன்று மாலை வருகைப் பதிவேட்டை மூடுமுன், உன் பெயருக்கு நேரே 'அரை நாள்' என்று குறித்தேன். பிறகு யோசித்தேன்: சங்கு ஊதி ஒரு மணிநேரம்கூட ஆகவில்லையே. அழித்து, 'வரவில்லை' என்று திருத்தினேன்.

பிற்பகலில் காவலர்கள் வந்தார்கள். கம்பவுண்டர் முன்பே ஏதாவது விசாரித்தாரா என்று கேட்டார்கள். "எதுவும் கேட்கவில்லை" என்றேன். வரிசையில் நின்றவர்கள்? அவர்களுக்கு வேலை வேண்டும்; பதிவேடு என் கையில் இருந்தது; என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அன்றே 1956ஆம் ஆண்டுப் பதிவேட்டிலிருந்து அந்தத் தாளை நூல் பிரித்து எடுத்தேன். கிழிக்கவில்லை. எரிக்கவும் இல்லை. எழுதிய தாளை அழிக்க எனக்குக் கை வராது. பதினோரு ஆண்டுகளாக அது என் பெட்டியில், வேட்டிகளுக்கடியில் இருந்தது.

வழக்கு நிற்கவில்லை. ஆனால் ஊர் காத்திருக்கவில்லை. மறுநாள், நீ பார்வதியோடு விரிஞ்சிபுரத்தில் இருந்திருக்க வேண்டிய கடை ஞாயிறன்று, காசிம் பாயை ரயிலடிவரை கல்லால் அடித்துத் துரத்தினார்கள். ஒரு கல் வலது காதைக் கிழித்தது. ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தவள் உன் அக்கா. பார்வதியைக் குடியாத்தத்தில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். லுங்கித் தறிக்கு நூல் சுற்றுகிறாள். வரம் கேட்கப் புறப்பட்டவளுக்குக் கிடைத்தது அது.

*

11-12-1969, வியாழன்.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன்? என் கையால்தான்.

சென்ற மாதம் 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, விரல் மூட்டுகளுக்காக வேலூருக்குப் போனேன். டாக்டரம்மா சிறு வயதுக்காரர். ஊசியை எடுத்தவர், போடுவதற்கு முன் கேட்டார்: "இதுக்கு முன்னால ஏதாவது ஊசி உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

காசிம் பாய் கேட்ட அதே கேள்வி. ஏறக்குறைய அதே சொற்கள். எனக்கில்லை என்றும், எனக்குத் தெரிந்த ஒருவனுக்கு ஆகியிருக்கிறது என்றும் சொன்னேன். மூன்று தேதிகளையும் நிமிடங்களையும் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்ளோ துல்லியமா யாரும் சொன்னதில்ல. பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

அவர் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து ஒரு படம் காட்டினார். ஊதா நிறப் புள்ளிகள் அடைந்து கிடக்கும் ஓர் உருண்டை. மாஸ்ட் செல் என்று பெயர். தின்று கொழுத்தது என்று ஜெர்மன் மொழியில் பொருளாம். "இது எங்க இருக்கு தெரியுமா? தோலுக்கு அடியில, மூச்சுக்குழாய்ச் சுவர்ல, ரத்தக் குழாய் ஓரமா. வெளியாள் நுழையற எடத்துலல்லாம் காவலுக்கு நிக்குது. இந்தப் புள்ளி ஒவ்வொண்ணுலயும் மருந்து மாதிரி சரக்கு இருக்கு, ஹிஸ்டமின்னு. புழு பூச்சி, விஷம் வந்தா அத வெளிய கொட்டி வெரட்டும்."

நாற்பதாண்டு தோலை எண்ணியவன் நான். தோலுக்குள் இப்படியொரு காவற்படை நிற்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நம் சுண்ணாம்புக் குழிகளில் எத்தனை கோடிக் காவலர்களைக் கரைத்திருக்கிறோம்?

"மொத தடவ அந்த மருந்து வந்தப்ப ஒண்ணும் ஆகலன்னீங்களே. அப்பதான் ஒடம்பு அத எதிரின்னு குறிச்சி வச்சிக்கிச்சு. அதுக்குன்னே ஒரு புரதம் செஞ்சு, இந்தச் செல்லு மேலல்லாம் ஒட்டி வச்சிடும். எந்தப் புரதம்னு இப்ப ரெண்டு மூணு வருஷமாத்தான் தெரியுது. ரெண்டாவது தடவ கொஞ்சம் கொட்டிச்சு. வீக்கம், தடிப்பு. அது எச்சரிக்கை. மூணாவது தடவ ஒடம்பு பூரா எல்லா செல்லும் ஒரே நேரத்துல கொட்டிடுச்சு. ரத்தக் குழாய் ஒழுகி, தொண்ட வீங்கி, மூச்சுக்குழாய் சுருங்கி..."

"மருந்துதானே கொன்றது?"

"இல்லிங்க. மருந்து சும்மா வந்து நின்னுச்சு. கொன்னது காவக்காரன்."

நம் தொழிற்சாலையின் ஒழுங்கு விதி உனக்கு நினைவிருக்கும். அதுவும் என் கைதான். முதல் குற்றம் பதிவு. இரண்டாம் குற்றம் எச்சரிக்கை. மூன்றாவது, பெயர் நீக்கம். குற்றம் பெரிதா சிறிதா என்ற விசாரணை கிடையாது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"என் விரல்களுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"அது வேற கத. ஆனா ரொம்ப தூரத்துச் சொந்தம். அவருக்கு ஒடம்பு ஒரு வெளியாளப் பாத்து வெறி புடிச்சுது. உங்களுக்கு ஒடம்பு தன்னையே வெளியாளுன்னு நெனச்சுக்கிச்சு. தன் மூட்டையே தின்னுது."

"அதிலும் இந்தச் செல் உண்டா?"

"மூட்டுச் சவ்வுலயும் இருக்கு. ஆனா அதுதான் காரணமா, இல்ல பக்கத்துல நிக்கிற சாட்சியான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

காரணமா, சாட்சியா. அந்தச் செல்லைப் பற்றித்தான் அவர் சொன்னார். பேருந்தில் திரும்பி வருகையில் பள்ளிகொண்டா தாண்டும்வரை என் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் அக்கா பத்தாண்டாகக் கிழக்கே தூற்றிய சாபம் வழி தவறவில்லை. கை முடங்கிப்போக என்று சொன்னாள். சரியான கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டாக்டரம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நீ ஒப்புக்கொள்வாய்; விழுந்து விழுந்து சிரிப்பாய்.

*

12-12-1969, வெள்ளி.

கலவைக்குப் போய்வந்ததைச் சொல்லவில்லை. கடந்த திங்கட்கிழமை, 8ஆம் தேதி, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

சந்தைத் தெருவில் ஒரு சார்ப்பின் கீழ் காசிம் பாய் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. வலது காதின் மேற்பாதி இல்லை. நிமிர்ந்து பார்த்தார், கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"வாங்க ஹெட் கிளார்க் சார். இன்னா, பதினோரு வருசமா? தேதி நீங்கதான் கரெக்டா சொல்லணும்."

தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொல்லி, குனிந்து படித்தார். ஒருமுறை. பிறகு மீண்டும் இலையை எடுத்தார்.

"புஸ்தகத்துல இருந்துச்சு, இல்ல?"

"இருந்தது."

"நா கேட்டேன், இல்ல?"

"கேட்டீர்கள்."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சி சார். கேட்டேனா, கேக்கலியா? ஊரே கேக்கலன்னுது. நீங்க கேக்கலன்னீங்க. எம்பொண்டாட்டி சாவற வரைக்கும் 'நெஜமா கேட்டியா, நெஜமா கேட்டியா'ன்னு கேட்டா. ஒரு கட்டத்துல நானே கேக்கலன்னு நம்பிட்டேன். எம்மவள ஊசி பாய் மவன்னு சொல்லி ஒருத்தனும் கட்டிக்கல. உள்ள உக்காந்து பீடி சுத்துது."

உள்ளே முறத்தில் விரல்கள் ஓடும் சத்தம் கேட்டது. நான் கைகூப்பினேன். வளைந்த விரல்கள் சரியாகச் சேரவில்லை.

"என்னை மன்னிக்க வேண்டும்."

காசிம் பாய் சிரித்தார். அதில் அன்பு துளியும் இல்லை.

"மன்னிப்பா? ரூல் இன்னா சார்? சும்மா கேட்டா குடுப்பாங்களா? ஊசி போட்டுக்கினாதானே? போய் மொதல்ல ஊசி போட்டுக்கினு, காலி குப்பிய கொண்டாந்து இங்க வைங்க. அப்புறம் பாப்போம்."

நான் எழுந்து நின்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"உங்க ஊட்டு அம்மா வருசா வருசம் எம்பேருல மண்ணு தூத்தறாங்களாமே. ஆம்பூர்லேந்து வர்றவன்லாம் சொல்லிட்டுப் போறான். நா சும்மா இருந்துடுவேன் சார். எம்மவ அந்த நாள்ல ஊட்ட உட்டு வெளியவே வராது. இத எனக்கு எதுக்குக் காட்டறீங்க? எனக்குத் தெரிஞ்சதத்தானே எழுதியிருக்கீங்க? தெரியாதவங்ககிட்ட போய்க் காட்டுங்க."

தாளை என் பக்கம் தள்ளினார். அதில் பீடித்தூள் ஒட்டியிருந்தது. இன்னும் ஒட்டியிருக்கிறது, தட்டிவிடவில்லை.

*

13-12-1969, சனி. காலை 8.31.

மாணிக்கம், நேற்றும் முந்தாநாளும் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தேன். ஒருமுறை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஒருமுறை தூங்கிவிட்டாள், ஒருமுறை, "உங்க கை நோவுக்கு எண்ணெ காய்ச்சட்டுமா?" என்று கேட்டாள். எனக்குச் சாக்குகளுக்குக் குறைவில்லை என்பது உனக்குத் தெரியும்.

பத்திரிகைக்கான படி, உறையிலிட்டு ஒட்டித் தபால்தலையோடு வாசற்படியில் இருக்கிறது. இந்தக் கடைசிப் பத்திகள் அதில் இல்லை. அவை உனக்கு மட்டும். தபால்காரர் ஒன்பது மணிக்கு முன் வரமாட்டார்.

ஏன் உன்னை நான் அவ்வளவு வெறுத்தேன்? வெறுப்பில்லை என்று பதினோராண்டும் எனக்கே சொல்லிக்கொண்டேன், கடமை என்றேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு சிரிப்பையும் நாள் கிழமையோடு குறித்து வைத்திருந்தேன் என்பதே உண்மை. ஒன்றுக்கும் அப்போது பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து 8.41க்குச் சொன்னேன். நான்கே சொல். அவை உன்னைக் கொல்லும் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? வீங்கும், இரண்டு நாள் படுப்பாய், சிரிப்பு அடங்கும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேனா? இந்த ஒன்றுக்கு மட்டும் என் பதிவேட்டில் பதிவு இல்லை.

8.44. உள்ளே தண்ணீர்ச் சத்தம். உன் அக்கா குளிக்கிறாள்.

8.49. செம்பை எடுத்து வைத்திருக்கிறாள், வழக்கமான இடத்தில், எனக்காக. "நேரமாவுது, வர்றீங்களா? இன்னாத்த எழுதறீங்க காலங்காத்தால?" என்று குரல் கொடுக்கிறாள்.

8.53. வாசலுக்குப் போய்விட்டாள். குனிந்து மண் வாருவது ஜன்னலில் தெரிகிறது. வெயில் அவள் முகத்தில் நேராக விழுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிழக்கே நிற்கிறாள்.

உனக்கு வாக்குத் தருகிறேன். செம்பைத் தொடமாட்டேன். இந்தத் தாளோடு போய் அவளுக்கும் கிழக்குக்கும் நடுவே நிற்பேன். நீ கேட்டதையும், பாய் கேட்டதையும், நான் சொன்ன நான்கு சொல்லையும், தேதி நேரத்தோடு சொல்வேன். கையில் வாரிய மண்ணைக் கீழே போடும்படி அவளிடம் சொல்லமாட்டேன். அது எங்கே விழ வேண்டுமோ அங்கே விழட்டும். நான் கண்ணை மூடிக்கொள்ளமாட்டேன்.

8.56. போகிறேன்.

உன் அக்காவுக்குத் தாலி கட்டியவன்,
உன் பேச்சுக்கு அப்பீல் இல்லாத மாமன்,
வரதராசன்.